ரேடியேட்டர் ஹோஸும் என் அண்ணன் கல்யாணமும்

ஒரு வேலை நினைத்ததைவிடச் சுலபமாக முடிந்துவிட்டால் சந்தோஷப்படக் கூடாது; குனிந்து இன்னொரு முறை பார்க்க வேண்டும். இந்த ஞானம் எனக்கு எண்ணூர் கடலோர ரோட்டில், பட்டுப்புடவையோடு ஆவிக்குள் நின்றபோது வந்தது.

வியாசர்பாடியில் எங்கள் குடும்பத்தின் முதல் கார் என்னுடையதுதான். செகண்ட் ஹேண்ட். பானெட்டைத் திறந்து மூடத் தெரிந்த நாளிலிருந்தே நான் பாதி மெக்கானிக் என்று எனக்கு ஒரு நினைப்பு. அண்ணன் கௌதமனின் கல்யாணத்துக்கு முந்தின நாள் வண்டியைத் துடைக்கும்போது ரேடியேட்டர் ஹோஸை அழுத்திப் பார்த்தேன். (இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தண்ணீர் ஓடும் கறுப்பு ரப்பர் குழாய். கெட்டியாக இருக்க வேண்டும்.) அது கனிந்த வாழைப்பழம் மாதிரி நசுங்கியது. முனையில் வெடிப்பு வேறு.

அதைக் கண்டுபிடித்த வரைக்கும் நான் புத்திசாலிதான். மெக்கானிக்கிடம் விட்டுவிடு என்றான் அண்ணன். நானோ போனில் ஒரு வீடியோ பார்த்தேன், புது ஹோஸ் வாங்கினேன், இன்ஜின் ஆறியதும் பழையதைப் பிடுங்கி எறிந்தேன். ரேடியேட்டர் வாயில் வளையம் மாதிரி ஒரு மேடு இருக்கும். அதைத் தாண்டி ஹோஸைத் தள்ளி, கிளிப்பை மேட்டுக்குப் பின்னால் போட்டு இறுக்க வேண்டும். நான் விளிம்பிலேயே இறுக்கிவிட்டேன். தெருவை ஒரு சுற்று சுற்றி வந்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அந்தப் பெருமையில், மாப்பிள்ளை என் காரில்தான் வருவார் என்று அறிவித்தேன். (யாரும் கேட்கவில்லை.)

மண்டபம் எர்ணாவூரில். நாங்கள் பௌத்தர்கள், முகூர்த்தம் பார்ப்பதில்லை. ஆனாலும் பிக்கு நண்பகலுக்குமேல் சாப்பிட மாட்டார் என்பதால் காலை பத்து மணிக்குக் கல்யாணம். அவரைவிடக் கறாரானவர் பெண்ணின் அப்பா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பெண் கேட்கப் போன அன்று அண்ணன் தாமதமாகப் போனதால், அவர் வாசலிலேயே பேசி அனுப்பிவிட்டார். ரொம்ப நாள் கழித்து மனம் இறங்கியபோது ஒரே நிபந்தனைதான் போட்டார்: கல்யாணத்துக்காவது நேரத்துக்கு வந்துவிட வேண்டும்.

அம்மாவும் உறவுக்காரர்களும் வேனில் முன்னால் போய்விட்டார்கள். நானும் அண்ணனும் டோல்கேட் நெரிசலில் ஊர்ந்து கொண்டிருந்தோம். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் டாஷ்போர்டில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளை எட்டிப் பார்த்தான்.

"இன்னாடி, முள்ளு மேல ஏறிக்கினே போவுது?"

வெயில் என்றேன். (மணி ஒன்பதுகூட ஆகவில்லை.)

கடலோர ரோட்டுக்கு வந்து கொஞ்ச தூரம் போனதும் பானெட்டுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். கண்ணாடி முழுக்க வெண்புகை. வண்டியை ஓரங்கட்டக்கூட முடியாமல் நடுரோட்டில் நிறுத்தினேன். பானெட்டைத் தூக்கினால், என் புது ஹோஸ் யானைத் தும்பிக்கை மாதிரி தொங்கியது. பச்சைக் கூலன்ட் பீய்ச்சியடித்துப் புடவைக் கொசுவத்தை நனைத்தது. நல்லவேளை, காலில் படவில்லை. பாட்டில் தண்ணீரை ஊற்றலாம் என்று ரேடியேட்டர் மூடியில் கையை வைக்கப் போனேன். அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்தான்.

"யசோ, இன்னிக்கு எனக்குக் கல்யாணம். ஆஸ்பத்திரிக்குப் போக டைம் இல்ல," என்றான்.

பின்னால் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி ஹாரன் அடித்தன. ஒரு ஆட்டோகூடக் கண்ணில் படவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டால் மேளச் சத்தம்தான் கேட்டது. பெண்ணின் அப்பா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது என் கண் முன்னால் வந்தது. அண்ணனின் பல வருஷக் காதலை ஒரு கிளிப்பால் அறுத்துவிட்டேன்.

சரியாக எங்களுக்குப் பின்னால் நின்றது ஒரு டிரெய்லரின் தலை மட்டும். துறைமுகத்தில் பெட்டியை இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டி. அதன் டிரைவர், தாடி வைத்த ஒரு பாய், திட்டிக்கொண்டே இறங்கி வந்தார். அண்ணனின் கோலத்தைப் பார்த்ததும் பாதி வார்த்தையில் நிறுத்தினார்.

"மாப்ளயா?"

அண்ணன் தலையாட்டினான். எந்த மண்டபம் என்று கேட்டுக்கொண்டவர், "வழிதான் கீது. ஏறு நைனா," என்றார்.

அவரும் நானும் காரை ஓரத்துக்குத் தள்ளினோம். (மாப்பிள்ளையைத் தொட விடவில்லை.) பிறகு அந்த உயரத்துக்குப் பட்டுப்புடவையோடு நான் ஏறியதைப் பற்றி எதுவும் சொல்வதாக இல்லை.

பாய்க்குக் கல்யாண உற்சாகம் தொற்றிக்கொண்டது. எர்ணாவூர் வரை ஹாரனில் இருந்து கையை எடுக்கவே இல்லை. மண்டப வாசலில் கூட்டம் கூடிவிட்டது. முன்னால் பெண்ணின் அப்பா. கையில் கடிகாரம் கட்டியிருந்தார். ஆனால் அதைப் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்தார். மெல்ல நடந்து வந்து மட்கார்டைத் தடவினார்.

"ஹார்பர் வண்டி," என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. "எனக்காவா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் பாயைப் பார்த்தேன்.

"ஆமாங்க," என்றார் பாய்.

பெரியவர் அண்ணனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிக்கு சொல்லச் சொல்ல மணமக்கள் 'புத்தம் சரணம் கச்சாமி' என்று திரிசரணம் சொன்னார்கள். முதல் பந்தியில் பெண்ணின் அப்பாவுக்குப் பக்கத்து இலை பாய்க்கு. பச்சைக் கறையை மணப்பெண் பார்த்துவிட்டாள். அன்று சாயங்காலமே என்னிடமிருந்து முழுக் கதையையும் வாங்கிவிட்டாள். அவளுடைய அப்பாவிடம் மட்டும் இதுவரை யாரும் சொல்லவில்லை. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் தன் மாப்பிள்ளை வந்து இறங்கிய அழகை அவர் விவரிப்பார். நாங்கள் முகத்தை இறுக்கிக்கொண்டு கேட்போம்.

போன மாதம் அவருடைய இரண்டாவது பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என்னைக் கூப்பிட்டார்.

"யசோம்மா, உங்க அண்ணனுக்குப் பண்ண மாரியே சின்னவளுக்கும் நீயே ஏற்பாடு பண்ணிடு."

அண்ணிக்குச் சிரிப்பில் புரை ஏறியது. அண்ணன்தான் தலை நிமிராமல், "பண்ணிடுவா மாமா. புது ஹோஸ் ஒண்ணு வாங்கிக் குடுத்தா போதும்," என்றான்.