நாலு நாற்காலி அறையில் ஒரு மென்பொருள் போர்

அணித்தலைவியே வாழி, ஆறிய தேநீரை ஆரமுதென அருந்தும் அஞ்சா நெஞ்சத்தாளே, மின்னஞ்சல் மாரிக்கு மடிக்கணினி மூடியைக் கேடயமாய்ப் பிடித்தவளே, நின் புகழ் பாடப் புகுந்தோம், பிழை பொறுத்தருள்க.

சென்ற திங்களில், திருத்திய வரைபடத்துக்குப் பதிலாகப் பழைய வரைபடம் வாடிக்கையாளருக்குப் போய், அவர் கட்டவிருந்த நூலகத்தின் மாடிப்படி நேரே கழிப்பறைக்குள் இறங்கக் கண்டு அவர் வெகுண்டு, "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று இடியென முழங்கியதால், கோப்பெல்லாம் குடியிருக்க ஒரே மென்பொருளைத் தேர்ந்தே தீர்வதெனத் தலைவி சூளுரைத்தாள். இருந்தது அந்த ஒரே வேலைதான். அது போனால் அறையையே காலி செய்ய வேண்டும்.

முழங்கையோடு முழங்கை உரசும் அச்சிற்றறையில் மூவர் எழுந்தனர். வண்ண அட்டைகளை வரிசை வரிசையாய் ஒட்டும் பலகைச் செயலியை ஏந்தி வந்தார், வளைகோடும் நிமிர்த்தும் வரைவாளர். நொடிக்கொரு மணியடித்து நிம்மதியைக் கொன்றொழிக்கும் அரட்டைச் செயலியொடு பாய்ந்தார், காதொலிப்பான் கழற்றாப் பொறியாளர். பூட்டுக்குள் பூட்டுடைய கோப்பறைச் செயலியை, இலவச நாள் முடியுமுன் வம்மின் எனக் கூவிக் களமிறக்கினார், சில்லறைக்கும் ரசீது கேட்கும் கணக்கர். அழைப்பு மடல்கள் அம்பெனப் பறக்க, மறந்த கடவுச்சொற்கள் மலையெனக் குவிய, முதுகோடு முதுகு ஒட்டி அமர்ந்திருந்தோர் ஒருவரையொருவர் காணொளியில் அழைத்து அறைகூவ, அமர்க்களமாயிற்று அமர்க்களம். பாடுகிற நமக்கே மூச்சு வாங்குகிறது.

"வாக்கெடுப்பு வைங்க. ஜெயிச்சதுல எல்லாரும் சேந்துடணும்" என்று தலைவியின் ஆணை பிறந்தது.

அந்தோ, மூவரும் தத்தம் செயலிக்குள்ளேயே வாக்கெடுப்பு வைத்து, பிறர் செயலியில் காலடியும் பதிக்க மறுத்து, தமக்குத் தாமே வாக்களித்து, எதிர்த்து ஒரு வாக்கும் விழவில்லை என்று தனித்தனியே வாகை சூடினர்.

அவ்வெற்றி முழக்கத்தினூடே தொலைபேசி ஒலித்தது. வாடிக்கையாளர் வரைபடம் கேட்டார், உடனே கேட்டார்.

"திருத்தின படம் எதுல இருக்கு?" என்றாள் தலைவி.

"மூணுலயும் இருக்குக்கா" என்றார் வரைவாளர்.

"அதுல எது புதுசு?"

மூன்று வீரரின் மூன்று சுட்டுவிரல்களும் மூன்று திரைகளை நோக்கி வேலென நீண்டன. தலைவியோ கலங்காது, கண்ணிமை மூடி, கடல் சூழ் உலகம் கணநேரம் மூச்சடக்கி நிற்க, வீர விரலால் ஒன்றைத் தொட்டு அனுப்பினாள்.

பழைய படம்தான் போனது.