ஜும்பெரின் கல்யாணமும் நான்கு எழுத்துகளும்

தெலாவி,
செப்டம்பர்.

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் வீட்டில் அனைவரும் நலமாகவும், தங்கள் திராட்சைக் கொடிகளில் பூஞ்சை விழாமலும் இருக்க வேண்டுகிறேன். நான் நலம். கட்டுரைதான் நலமில்லை.

ஜார்ஜிய எழுத்து கிறிஸ்துவுக்கும் முந்தியது என்ற என் கட்டுரைக்குத் தாங்கள் பன்னிரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். அது வந்தால்தான் பல்கலைக்கழகத்தில் என் வேலை நிரந்தரம். ஆதாரம் ஒரு கல். விளிம்பில் நான்கு எழுத்துகள். மிச்சம் அடிப்பக்கத்தில். அதைப் பார்க்க முடியாது. ஷால்வா மாமா வீட்டில் மண்ணுக்குள் புதைத்திருக்கும் மதுச்சாடிக்கு அந்தக் கல்தான் மூடி.

அவர் மகன் ஜும்பெர் பிறந்த வருடம் நிரப்பி, களிமண் பூசி மூடிய சாடி. அவன் கல்யாணத்தன்றுதான் திறப்பார்கள். ஜும்பெருக்கு முப்பத்தெட்டு வயது.

"ஒரு ஓரமா தூக்கிப் பாத்துட்டு வெச்சிடறேன் மாமா" என்றேன்.

"என் மகன் கல்யாணத்த நீ ஓரமா தூக்கிப் பாப்பியா? அவ்வளவு வருஷம் காத்திருந்த எழுத்து, இவனுக்கு ஒரு பொண்ணு கிடைக்கிற வரைக்கும் காத்திருக்காதா?"

ஆகவே, ஐயா, கோடை முழுவதும் நான் கல்வெட்டு படிக்கவில்லை. பெண் பார்த்தேன். முதலில் பள்ளி ஆசிரியை ஒருத்தியை அழைத்து வந்தேன், ஜும்பெர் அவளிடம் டிராக்டர் கிளச்சைப் பற்றி மட்டும் பேசினான், அடுத்து ரொட்டிக்கடைக்காரர் தங்கை மகள், அவளுக்கு இவனைப் பிடித்துத்தான் இருந்தது, ஆனால் ஷால்வா மாமா கோப்பையைத் தூக்கி முன்னோர்களை ஒவ்வொருவராக வாழ்த்தத் தொடங்கினார், கொள்ளுத்தாத்தா வருவதற்குள் அந்தப் பெண்ணின் கடைசிப் பேருந்து போய்விட்டது, அவள் அண்ணன்மார் தேடி வந்துவிட்டார்கள், அவர்களையும் உட்காரவைத்து மறுபடி முதலிலிருந்து வாழ்த்தினார்.

கடைசியில் மாக்வாலா வந்தாள். எழுத்து தேவாலயத்தோடுதான் வந்தது என்று எனக்கு எதிராக எழுதிவருகிறவள். என் நான்கு எழுத்துகளைச் சரிபார்க்க வந்தாள். சாடியருகே மண்டியிட்டாள். ஜும்பெர் விளக்குப் பிடித்தான்.

"இவர் சொல்றத நீங்க நம்புறீங்களா?" என்று அவளிடம் கேட்டான்.

"இவரையா? நாலு எழுத்த வெச்சு நாற்பது பக்கம் எழுதுறவரையா? சும்மா இருங்க, விளக்கு ஆடுது."

ஜும்பெர் சிரித்தான். அவன் பற்களை அன்றுதான் பார்த்தேன். அடுத்த வாரமும் அவள் வந்தாள். சரிபார்க்கத்தானாம்.

ஆகவே பக்கங்களை எனக்காகவே வைத்திருக்கவும். "ஒருவேளை" என்ற சொல் வரும் இடமெல்லாம் அதை நீக்கிவிடவும். கல் விரைவில் புரளும்.

தங்கள் மேஜைக்கு வருகிற அனைவருக்கும் என் அன்பு.

பணிவுடன்,
மல்காஸ்

பி.கு.: கடிதம் கோட்டுப் பையிலேயே தங்கிவிட்டது. கல்யாணம் நேற்று. மது காடியாகியிருந்தது, அருமை என்றோம். கல்லைப் புரட்டினோம். முதல் சொல்லுக்கு முன்னால் ஒரு சிலுவை. அதே உளி, அதே கை. பிறகு, "கிறிஸ்துவே, இதைச் செதுக்கியவனுக்கு இரங்கும்." மணப்பெண் கல்யாண உடையிலேயே தரையில் உட்கார்ந்து ஈரத்தாளை அழுத்திப் படியெடுத்தாள்.

"இத நடத்தி வெச்ச மல்காஸுக்கு" என்று ஷால்வா மாமா கோப்பையைத் தூக்கினார். அதை மறுக்க வழியில்லை. குடித்தேன்.

என் பக்கங்களை அவளுக்குக் கொடுத்துவிடவும். பன்னிரண்டு போதாதாம்.