அண்ணனின் ஸ்மோக்கரை நான் மேம்படுத்திய கதை

ஒழுங்காக ஓடுகிற எந்தப் பொருளையும் சும்மா விட்டுவைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. எங்கள் வீட்டு மிக்சி, சுவர்க் கடிகாரம், தண்ணீர் மோட்டார் மூன்றும் இதற்குச் சாட்சி. (மூன்றுமே இன்று உயிரோடு இல்லை.) அவற்றுக்காக நான் வருந்தியதில்லை. வருந்துவது அண்ணனின் ஸ்மோக்கருக்காக.

என்னைவிட இரண்டு வயது மூத்தவன் அண்ணன். மஸ்கட்டில் ஹோட்டல் சமையலறையில் இருபது வருடம் இருந்துவிட்டுப் பாறசாலைக்குத் திரும்பியபோது, இறைச்சியைப் புகையில் வேகவைக்கும் மின்சாரப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். அடியில் ஹீட்டர், அதன்மேல் மரச்சீவல், மேல்தட்டில் இறைச்சி. நூற்றுப்பத்து டிகிரியில் எட்டு மணி நேரம் வைத்தால் மாட்டிறைச்சி விரலால் பிய்க்கிற பதத்துக்கு வரும். சூட்டைக் கட்டுப்படுத்த வேண்டிய தெர்மோஸ்டாட்தான் சோம்பேறி. நூற்று முப்பதுக்கு ஏறும், தொண்ணூறுக்கு இறங்கும். அண்ணன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கதவைக் கொஞ்சம் திறந்தும் மூடியும் சமாளிப்பான்.

பிறகு அவனுக்கு நாக்கில் புற்று வந்தது. திங்கட்கிழமை திருவனந்தபுரத்தில் ஆபரேஷன். அதன்பின் குழாய் வழியாகத்தான் சாப்பாடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஞாயிறு மதியம் புகைபோட்ட இறைச்சி வேண்டும் என்று கேட்டான் அண்ணன்.

“நான் வைக்கேன் அண்ணே, நீ சும்மா கெட.”

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் அண்ணன் வாயால் சாப்பிடப்போகிற கடைசிச் சாப்பாட்டை ஒரு சோம்பேறி தெர்மோஸ்டாட்டிடம் ஒப்படைப்பதா? சென்சார் காட்டும் சூட்டைப் பார்த்து ஹீட்டரைத் தானே போட்டு அணைக்கும் டிஜிட்டல் கன்ட்ரோலர் ஒன்றை வரவழைத்து, மூன்று நாள் வீடியோ பார்த்துப் படித்தேன். (தாலுகா ஆபீஸ் வேலைக்கான பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை.) தெர்மோஸ்டாட்டைக் கழற்றினேன். சென்சார் ஒயரைக் கதவிடுக்கு வழியே விட்டுத் தட்டில் மாட்டினேன். சிவப்பு எழுத்தில் 110 ஒளிர்ந்தது. அசையவே இல்லை.

“பாத்தியா அண்ணே? ஒரு டிகிரி கூடாது, கொறையாது. இனி யாரும் காவல் இருக்கண்டாம்.”

“அப்பம் நான் எதுக்குலே?” என்றான். (வேடிக்கையாகச் சொல்கிறான் என்றுதான் அன்று நினைத்தேன்.)

ஞாயிறு விடியற்காலையில், பனச்சமூட்டுச் சந்தையில் வாங்கிய நான்கு கிலோ இறைச்சியை உள்ளே வைத்தேன். பதினோரு மணிக்குத் திருப்பிப்போடுவதற்காகக் கதவைத் திறந்து, இடைஞ்சலாக இருந்த சென்சாரை எடுத்து வெளியே தொங்கவிட்டேன். அந்த நேரம் பார்த்து, அண்ணனுக்காக ஜெபிக்கச் சபையார் வாசலில் வந்து நின்றார்கள். கதவை அடைத்துவிட்டு ஓடினேன். சென்சார் முற்றத்துக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

நோயாளிக்காக எங்கள் சபையார் முழங்காலில் நின்றால், உபதேசியார் கடைசி ஆமென் சொல்லும்வரை யாரும் எழுவதில்லை. அவரோ சுருக்கமாக ஜெபித்து யாரும் கேட்டதில்லை. கால்மணி நேரத்தில் கருகல் வாசம் வந்தது.

“ஆண்டவரே, உம்முடைய அக்கினி இந்த வீட்டில் இறங்கட்டும்!”

“ஆமென்” என்றோம். நானும்தான்.

அண்ணனின் மனைவி, என் மைனி, கண்ணை மூடியபடியே முணுமுணுத்தார்: “தம்பி, என்னமோ கருகுது.”

“ஜெபத்துல எந்திக்கவா மைனி? அண்ணனுக்காக்கும்.”

“எந்திக்கல்லேன்னா அக்கினி நெசமாவே எறங்கும்.”

நான் எழவில்லை. பாதியில் எழுந்தால் அண்ணனுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயம். பி.எஸ்சி. பிசிக்ஸ் படித்தவன் நான்.

நாற்பது நிமிடம் கழித்து ஓடிப்போய்ப் பார்த்தால், கொழுப்பு வடிந்து மரச்சீவலில் தீப்பிடித்து, கதவிடுக்கு வழியே நெருப்பு வந்துகொண்டிருந்தது. கன்ட்ரோலர் நிதானமாக 34 காட்டிக்கொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கி, மண்ணை வாரிப்போட்டு அணைத்தேன். உள்ளே இருந்தது கரி.

அண்ணன் மெல்ல நடந்துவந்து சென்சாரைக் கையில் எடுத்தான்.

“மக்கா, இது முற்றத்தை வேகவைக்கப் பாத்திருக்கு. முற்றம் பெருசுல்லா, நேரமாவும்.”

யாரும் சிரிக்கவில்லை. ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டான். புண்ணில் குத்தியிருக்க வேண்டும். திரும்பி நின்று துப்பினான். அன்று மதியம் மைனி கொடுத்த கஞ்சியைக் குடித்தான். நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வெகுநேரம் நின்றேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு அவனுக்குப் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் சைகையால் நோட்டுக் கேட்டான். ஏதோ முக்கியமான விஷயம் என்று மைனியும் நானும் குனிந்தோம். எழுதி என்னிடம் நீட்டினான்: “எலே, முற்றம் வெந்தாச்சா?”

அதன்பின் ஒன்பது மாதம் இருந்தான். இப்போதும் நான் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்தால் போதும், “தம்பி, வெந்தாச்சா?” என்று மைனி கேட்பார். கேட்டுவிட்டுச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். பிறகு இருவரில் ஒருவர் ஏதாவது வேலை இருப்பதுபோல் எழுந்து உள்ளே போய்விடுவது வழக்கம்.