லார்ஸ் குடும்பத்தார் எட்டுப் பேர்

2004ஆம் ஆண்டு. பஸ் சாரதி குலசேகரம் குளிர்நாட்டு ஊரான குரோருட்டில் தொடர்மாடி வீடொன்றுக்குக் குடிவந்த மூன்றாம் நாளே குடியிருப்புச் சங்கத்தின் படிவம் வந்துவிட்டது. ஏழாவது கேள்வியில் மாட்டிக்கொண்டார்: "இங்கு முன்பு வசித்தவர்களின் பெயர்கள்."

"எங்களுக்கெப்பிடித் தெரியும்? வெறுமையா விடுங்கோ," என்றாள் மனைவி சிவநாயகி.

"விட்டால் திரும்பி வரும். காரணம் இல்லாமல் கேட்பினமே?"

வாசிகசாலைக்குப் போனார். அங்கிருந்த பெண், பொதுமக்கள் பார்க்கக்கூடிய கடைசிக் கணக்கெடுப்பான 1900ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பைக் கணினியில் திறந்துகொடுத்தாள். தொடர்மாடி எழும்புவதற்கு முன் அந்த நிலத்தில் ஒரு குடிசை இருந்திருக்கிறது. கல்லுடைக்கும் லார்ஸ், மனைவி, ஆறு பிள்ளைகள். எட்டுப் பெயரையும் அழகாக எழுதினார். ஆண்டு எழுதக் கட்டம் இல்லை, எழுதவில்லை.

அடுத்த கிழமை வாசல் பலகையில் குலசேகரத்தின் பெயருக்குக் கீழே எட்டுப் பெயர்கள். கூடவே கடிதம்: முன்பிருந்தவர்கள் வெளியேறியதாகப் பதிவு இல்லை, மூன்று அறை வீட்டில் பத்துப் பேர் இருக்க முடியாது, பதினான்கு நாளில் காலி செய்யவும்.

சங்கத்துக்குத் தொலைபேசி எடுத்தார். "அவையள் இப்ப இஞ்சை இல்லை."

"புதிய முகவரி?"

மறுபடி வாசிகசாலை, மறுபடி தொலைபேசி. "ரெண்டு பேர் அமெரிக்கா போயிட்டினம்."

"அமெரிக்காவில் எந்தத் தெரு?"

குலசேகரத்துக்குப் பொறுமை போய்விட்டது. "எல்லாரும் செத்துப் போயிட்டினம்."

"எட்டுப் பேருமா?"

"ஓம். எட்டுப் பேரும்."

மறுமுனையில் அனுதாபம் சொல்லி வைத்தார்கள்.

அன்று பின்னேரம் மணி அடித்தது. கறுப்புக் கோட்டில் சங்கத் தலைவர், கையில் மலர்வளையம். பின்னால் மெழுகுதிரிகளோடு முழுத் தொடர்மாடியும். சிவநாயகி அவசரமாகப் பட்டிஸ் பொரித்தாள்.

"இஞ்சருங்கோ, உண்மையைச் சொல்லுங்கோ."

"இப்ப எப்பிடிச் சொல்லுறது? மலர்வளையத்தைப் பாரும்."

தலைவர் ஒவ்வொரு பெயராக வாசித்தார். லார்ஸ் என்றதும் தலை குனிந்த குலசேகரம், மூன்றாவது பெயரில் உண்மையாகவே கண்ணைத் துடைத்தார். கடைசியாக, ஹெல்கா. எல்லோரும் ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள்.

நிற்காதவர் ஒருவர்தான்: கீழ்த்தட்டில் தனியாக இருக்கும், நூறு வயது தாண்டிய கிழவி. கதிரையில் இருந்தபடி பட்டிஸை மென்று விழுங்கிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"மற்ற ஏழு பேரும் போனது சரி. ஹெல்கா நான்தான்."