ஊக்கு குத்திய மீன் மசாலா

பெண்டாட்டி போய்விட்டால் ஆண்பிள்ளைக்கு முதலில் சாப்பாடு கெடும், அடுத்துப் புத்தி கெடும் என்பார்கள். எனக்கு இரண்டும் சேர்ந்தே கெட்டு, கிள்ளானில் ஒரு பேரங்காடியில் போலீஸ் வரை போனது.

என் மனைவி கமலத்தின் மீன் கறி எங்கள் வட்டாரத்தில் பிரசித்தம். மசாலாவை, நான் வேலைக்கும் மகள் பள்ளிக்கும் போன நேரத்தில், தானே வறுத்து அரைப்பதாகக் கடைசிவரை சொன்னாள். அவள் விட்டுப்போன மசாலா டப்பா காலியான அன்றுதான் வீடு நிஜமாகவே வெறிச்சென்று ஆனது. ஒரே ஒரு தடவை அந்த வாசனை கிடைத்தால் போதும் என்று ஏங்கிப்போனேன்.

பாசார் சந்தையில் என்றால் மூட்டையில் கைவிட்டு அள்ளி முகர்ந்து பார்க்கலாம். பேரங்காடியில் எல்லாம் ஒட்டிய பாக்கெட். என் சட்டையில் பித்தான் அறுந்த இடத்தில் ஓர் ஊக்கு இருந்தது (பித்தான் தைக்கவும் ஆள் இல்லை). அதை எடுத்து, ஒவ்வொரு மீன் மசாலா பாக்கெட்டிலும் ஒரு குத்து, ஒரு மோப்பம். கேமராவில் பார்த்தவர்களுக்குக் கிழவன் ஊசியால் எதையோ ஏற்றுவதாகத் தோன்றியதில் தப்பில்லை.

குத்துப்பட்டவற்றை மேனேஜர் அறையில் மேசைமேல் பரப்பினார்கள். வந்த போலீஸ்காரி நம் தமிழ்ப் பிள்ளைதான், ஆனால் முகத்தில் சிரிப்பே இல்லை.

"அங்கிள், சாப்பாட்டுல ஏதாச்சும் கலந்தா கிரிமினல் கேஸ். ஜெயில் லா. என்னா கலந்தீங்க?"

"ஒண்ணும் கலக்கலம்மா. என் சம்சாரத்தத் தேடுனேன்."

(இதைவிட மோசமான வாக்குமூலத்தை எவனும் கொடுத்திருக்க மாட்டான்.) அவள் மசாலாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

வேலையிலிருந்து பதறி ஓடிவந்த மகள் எல்லாவற்றையும் விளக்கினாள். அப்படியானால் எது அந்த வாசனை என்று முகர்ந்து காட்டச் சொன்னாள் போலீஸ்காரி. ஒவ்வொன்றாக முகர்ந்தேன். கடைசியில் இருந்தது, எல்லாவற்றிலும் மலிவான பாக்கெட். மூக்கருகே கொண்டுபோனதும் கமலம் வந்துவிட்டாள். மகளிடம் நீட்டினேன்.

அவள் முகர்ந்தாள். "அப்பா, அம்மா அரைக்கவே இல்லப்பா" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கள்ளியை அப்போதே கூப்பிட்டுச் சண்டை போட வேண்டும்போல இருந்தது, கூப்பிட ஆள் இல்லை என்பது உறைத்ததும் மேசையில் தலைகவிழ்ந்து அழுதேன். போலீஸ்காரி கேமராப் பதிவை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, எச்சரித்து அனுப்பினாள். குத்திய பாக்கெட் அத்தனையையும் என் தலையில் கட்டினார்கள்.

இன்றும் குடும்பத்துக் கல்யாணங்களில் என்னைக் கண்டால் பெண்கள் ஊக்கை ஒளித்துவைப்பார்கள். மகள் போலீஸ் கதையை நடித்தே காட்டுவாள், ஆனால் கடைசிப் பாக்கெட் வருவதற்குள் நிறுத்திவிடுவாள். போன மாதம் அவள் மாமியார் என் மீன் கறியைச் சாப்பிட்டுவிட்டு, அப்படியே கமலத்தின் கைப்பக்குவம், எப்படி வந்தது என்று கேட்டார் (அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்). மகள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் அவ சொல்லிக் குடுத்ததுதான் சம்பந்தி" என்றேன். "வறுத்து, நம்ம கையாலேயே அரைக்கணும்."