மோட்டாருக்குப் போன ஓடிபி

பங்கு விலை ஏறினால் அவனவன் மேதை. இறங்கினால் உலகமே கெட்டுப்போய்விட்டது. உத்திரமேரூர் டீக்கடையில் சில மாதங்கள் மேதையாக உலவியவன் நான். மகளின் நர்சிங் படிப்புக்குச் சேர்த்த பணம் முழுவதையும், என் மனைவி செல்வி சொல்லச் சொல்லக் கேட்காமல், பங்குச் சந்தையில் போட்டிருந்தேன்.

ஒரு நாள் சந்தை தலைகுப்புற விழுந்தது. கிடைத்த விலைக்கு விற்றுத் தொலைக்கலாம் என்று ஆப்பைத் திறந்தேன். அவசரத்தில் பாஸ்வேர்டைத் தப்புத் தப்பாகப் போட்டதில் கணக்கே முடங்கியது. பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருப்பதாகத் திரை சொன்னது. அது என் பழைய எண். அந்த சிம், கழனியில் பம்ப்செட் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருந்தது. (வீட்டிலிருந்தே மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும். அதற்கென்று புது சிம் வாங்குவானேன் என்ற சிக்கனம்.)

பதறிப்போய் அந்த ஆப் கம்பெனிக்கு போன் செய்தேன். "உங்க எண்ணுக்கே கூப்பிடறோம் சார்" என்றது ஒரு பெண் குரல். சொன்னபடியே கூப்பிட்டார்கள், மோட்டாரை.

அடுத்து பக்கத்துக் கழனி ஏகாம்பரத்தின் அழைப்பு.

"மாமா, வேர்க்கடல புடுங்கி காயப் போட்டுகீறேன். உன் மோட்டாரு தானா ஓடுது. கடலை எல்லாம் மெதக்குது."

பைக்கில் பறந்தேன். மோட்டாரை நிறுத்தி, பெட்டியைத் திறந்து சிம்மை உருவினேன். ஈரக் கை. வழுக்கி வரப்புக்கு அந்தப் பக்கம், ஏகாம்பரத்தின் சேற்றில் விழுந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் சேற்றில் துழாவினேன். ஏகாம்பரம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். விஷயம் தெரிந்து செல்வியும் வந்துவிட்டாள்.

"இன்னாய்யா, புள்ள படிப்புத் துட்ட சேத்துல தேடிக்கினு கீறியா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சிம் கிடைக்கவில்லை.

அதே எண்ணில் வேறு சிம் வாங்கி, விண்ணப்பம் போட்டுக் கணக்கை மீட்பதற்குள் வாரக்கணக்கில் இழுத்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டுதான் ஆப்பைத் திறந்தேன். விழுந்ததெல்லாம் எழுந்து, போட்டதற்கு மேலேயே நின்றது. டீக்கடை மேதைகள் அத்தனை பேரும் பயத்தில் அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டிருந்தார்கள். நான் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய், "முதலீட்டுக்குப் பொறுமைதாம்பா முக்கியம்" என்று உபதேசம் செய்தேன். (ஏகாம்பரம் முறைத்தார். அவர் கடலைக்கு நஷ்டஈடு கொடுத்தபிறகுதான் சிரித்தார்.)

மகளுக்குக் கல்லூரியில் முழுக் கட்டணமும் கட்டினேன். அன்று எனக்கு இருந்த கர்வத்துக்கு அளவே இல்லை.

இப்போதும் சந்தை சரிந்தால் ஹாஸ்டலிலிருந்து அவள் போன் வந்துவிடும்.

"நைனா, நீயா எதையும் விக்காத. மோட்டார ஒரு வார்த்த கேட்டுக்கோ."