அமீனாவுக்குப் போன மாமன் சீர்

மரியாதைக்குரிய சம்பந்தி அப்திகெரிம் அவர்களுக்கு,

கர்கரலியிலிருந்து உங்கள் சம்பந்தி ஒமிர்தாய் எழுதுவது. முறைப்படி முதலில் உங்கள் கால்நடைகள் சுகமா என்று கேட்கிறேன், அடுத்து வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்கிறேன். இங்கே நானும் என் மனைவி குல்பாஷும் சுகம். ஆடுகளும் சுகம். குதிரையைப் பற்றி எழுத வரும்போதுதான் பேனா தயங்குகிறது. எங்கள் சாம்பல் நிறப் பெண்குதிரை இப்போது எங்களிடம் இல்லை. அது போன கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வானிலை நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், புயல் வந்தாலும் புயல் வந்தது என்று எழுதி வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் இதில் கோபம் எதுவும் இருக்காது. அப்படி ஏதாவது தென்பட்டால் அது குல்பாஷ் பின்னால் நின்று சொன்னதாக இருக்கும்.

உங்கள் மகன், எங்கள் மாப்பிள்ளை எர்கெபுலான், லாரி வாங்க வங்கியில் கடன் கேட்டபோது நான் ஜாமீன் நின்று அந்தக் குதிரையை ஈடாக எழுதிக் கொடுத்தேன். சம்பந்தி வீட்டுப் பிள்ளை கேட்டு நான் இல்லை என்று சொன்னால் இரண்டு வீட்டுக்கும் எவ்வளவு கேவலம். ஈடு என்பதெல்லாம் ஒரு பேச்சுக்குத்தான் என்று மாப்பிள்ளையும் சொன்னார். பிறகு லாரி நடுவழியில் கைவிட்டது, மாப்பிள்ளை வேலை தேடி அல்மாட்டி போனார், தவணை கட்டுவது நின்றது, போன் எடுப்பதும் நின்றது, வங்கி எங்களைப் பிடித்துக்கொண்டது. தினமும் பால் கறக்கும் நேரமாகப் பார்த்து ஒரு பெண் கூப்பிட்டு மிகவும் பணிவாக மிரட்டுவாள். அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதைக் குல்பாஷ் கேட்டுத் தெரிந்துகொண்டதிலிருந்து பேச்சு கொஞ்சம் வேறு பக்கம் போனது, ஆனால் வட்டி போகவில்லை. என் பென்ஷன் மருந்துக்கே சரியாகிவிடும். குதிரைப்பால் விற்றுத்தான் எங்களுக்கு மற்ற எல்லாம். குதிரையை ஜப்தி செய்துவிட்டால் குளிர்காலத்தைத் தாண்டுவது கஷ்டம் என்று நகரத்தில் இலவசச் சட்ட உதவி தரும் வக்கீல் சல்தனத்திடம் போனேன்.

அவள் எல்லாவற்றையும் படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "ஐயா, அபராத வட்டியைக் கண்டபடி போட்டிருக்காங்க. வங்கியை உக்கார வச்சுப் பேசித் தவணையை மாத்தி எழுத வைக்கலாம். அதுக்குள்ள ஜப்தி பண்ணக் கோர்ட் அமீனா வந்தா எதுக்கு வந்தீங்கன்னு வாசல்லயே கேளுங்க. உத்தரவைக் காட்டச் சொல்லுங்க. உள்ள கூப்பிடாதீங்க, டீ கொடுக்காதீங்க, நீங்களா எதையும் தூக்கிக் கொடுத்துடாதீங்க."

"டீ கூடவாம்மா?"

"டீ கூடத்தான்."

நல்ல பெண்தான், ஆனால் நகரத்தில் வளர்ந்தவள். வந்த மனிதனைச் சாப்பிட வைக்காமல் எதற்கு வந்தாய் என்று வாசலில் நிறுத்திக் கேட்டால் ஊரில் யார் என் முகத்தில் விழிப்பார்கள், நீங்களே சொல்லுங்கள்.

அமீனா வந்தான். ஜோமார்ட் என்று பெயர், தாட்டியான ஆள், கன்னமெல்லாம் காற்றில் சிவந்திருந்தது. குதிரை ஏற்றுகிற வண்டியும் டிரைவரும் வாசலில். எதற்கு வந்தான் என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அவனும் முறை தெரிந்தவன். மேலிடத்தில் உட்கார வைத்து, டீ கொடுத்து, கறி வேகும்வரை மழை, பனி, புல் விலை எல்லாம் பேசினோம். விருந்தாளிக்குச் செய்யும் மரியாதையாக ஆட்டுத்தலையை அவன் முன்னால் வைத்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. எப்படியாவது ஒரு சொந்தம் கண்டுபிடித்துவிட்டால் இவன் குதிரைமேல் கை வைக்க மாட்டான் என்று கணக்குப் போட்டு, அவன் பாட்டன் முப்பாட்டனை எல்லாம் விசாரித்தேன். எதுவும் ஒட்டவில்லை. கடைசியில், "தம்பி, அம்மா எந்தப் பக்கம்?" என்றேன். சொன்னான். சம்பந்தி, அவன் அம்மா எங்கள் குலத்துப் பெண். எனக்கு வந்த சந்தோஷத்தில் எழுந்து அவனைக் கட்டிக்கொண்டேன். குல்பாஷ் மட்டும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"அப்போ நீங்க எனக்கு மாமா," என்றான் ஜோமார்ட். அவனுக்கும் கண் கலங்கிவிட்டது. "சொல்லக் கூச்சமா இருக்கு மாமா. நான் வந்தது உங்க குதிரையை ஜப்தி பண்ண. இப்போ மனசு வரல."

"எப்படிப்பா வரும்," என்றேன்.

"மாமன் வீட்டுப் பொருளை ஜப்தின்னு எழுதினா எங்க அம்மா என்னை வீட்ல சேக்க மாட்டா. எழுத மாட்டேன்." கொஞ்ச நேரம் கறியை மென்றான். "ஆனா மருமகனா எனக்கு ஒரு உரிமை இருக்கே. இதுவரைக்கும் அம்மா வழில நான் யார்கிட்டயும் ஒண்ணும் கேட்டதில்லை. அந்தச் சாம்பல் குதிரை எனக்குப் பிடிச்சிருக்கு மாமா."

நான் என்ன சொல்ல முடியும்? குலத்துப் பெண் பெற்ற பிள்ளை மாமன் மந்தையில் மூன்று தரம் பிடித்ததைக் கேட்கலாம், மாமன் வாய் திறக்கக் கூடாது. உங்கள் பக்கத்திலும் அப்படித்தான். நானே கயிற்றை அவிழ்த்து அவன் கையில் கொடுத்தேன், வாழ்த்தவும் செய்தேன். அவன் என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டு, ஈடு வைத்த குதிரை அகப்படவில்லை என்று அறிக்கை எழுதிக்கொண்டு போய்விட்டான். மறுநாள் வங்கிப் பெண் கூப்பிட்டு முழுக் கடனும் அப்படியே நிற்கிறது என்று பணிவாகச் சொன்னாள்.

மறுபடியும் வக்கீலிடம் போனேன். சல்தனத் தலையில் கை வைத்துக்கொண்டு கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"குதிரையும் போச்சு, கடனும் நிக்குது. இப்படி ஒருத்தரை நான் பாத்ததே இல்லை. ஆனா ஒரு விதத்துல நல்லதாப் போச்சு ஐயா. ஈட்டுக் குதிரையை அமீனாவே சொந்தத்துக்கு ஓட்டிட்டுப் போயிருக்கார். ஒரு புகார்ல கையெழுத்துப் போடுங்க. குதிரையும் வரும், வங்கியும் வழிக்கு வரும்."

"மருமகன் மேல கை ஓங்கினா அந்தக் கை நடுங்கிடும்னு சொல்வாங்கம்மா."

"ஓங்கச் சொல்லல. கையெழுத்துதான் போடச் சொல்றேன்."

"அதுக்கும் அதே கைதானேம்மா."

போடவில்லை. ஆகவே சம்பந்தி, நடந்தது நடந்துவிட்டது, நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆடுகளை விற்று மெல்ல மெல்லக் கடனை நானே அடைத்துக்கொள்கிறேன். மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம், அவர் மனம் நோகும். ஒன்று மட்டும் சொல்கிறேன். காலையில் பழக்கத்தில் பால் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போகிற குல்பாஷ், வெறும் கம்பத்தைப் பார்த்துவிட்டு காலி வாளியோடு திரும்பி வருகிறாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உங்கள் மந்தை பெருகட்டும், அடுப்பு அணையாதிருக்கட்டும், வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம்.

உங்கள் அன்புள்ள சம்பந்தி,
ஒமிர்தாய்

பின்குறிப்பு: உறையில் போட எடுத்தபோது குல்பாஷ் வாங்கி முழுவதும் படித்தாள். "அவனுக்கு மாமன் நீங்க. நான் யாரு?" என்று கேட்டாள். "அந்தக் குதிரை எங்க அண்ணன் எனக்குக் கொடுத்தது. அதுல உங்க குலத்து மருமகனுக்கு என்ன பாத்தியதை?" கோட்டை மாட்டிக்கொண்டு நகரத்துக்குப் போய், ஈட்டுப் பத்திரத்தில் அவள் கையெழுத்தும் இருப்பதால் புகாரில் அவளே கையெழுத்துப் போட்டுவிட்டாள். கை நடுங்கவில்லையாம். ஜோமார்ட் நேற்று தானே குதிரையைக் கொண்டுவந்து கட்டிவிட்டு, மாமி என்று கூப்பிட்டு டீ கேட்டான். வாசலில் வைத்துக் கொடுத்தாள். சல்தனத் பேசியதில் வங்கி அபராத வட்டியைத் தள்ளிவிட்டுத் தவணையை மாற்றி எழுதச் சம்மதித்தது, ஆனால் வேறு ஈடு கேட்டது. மாப்பிள்ளையின் தகப்பனாருக்குப் பெரிய குதிரை மந்தை உண்டு என்று குல்பாஷ் சொல்லி விலாசமும் கொடுத்திருக்கிறாள். ஆடுகளை நான் விற்கவில்லை, மேலே எழுதியதில் அந்த இடத்தை அடித்துவிட்டுப் படியுங்கள். உங்கள் மந்தையைப் பார்க்க வங்கியிலிருந்து அடுத்த வாரம் ஒருத்தி வருகிறாள். உங்கள் ஏழு தலைமுறையில் எந்தப் பக்கத்திலும் ஒட்டாத ஆளாகப் பார்த்து அனுப்பச் சொன்னதும் குல்பாஷ்தான்.